காப்புரிமைக்குத் தண்டனை உண்டு, சங்கம் வைக்கும் உரிமைக்கு?

இரண்டு நாடுகள் வர்த்தக ஒப்பந்தம் போட்டன என்று செய்தி வந்தால், எதன் விலை குறையும், யாருக்கு லாபம், எந்தத் தொழில் அடிவாங்கும் என்றுதான் பேச்சு போகிறது. அந்த ஒப்பந்தத்துக்குப் பிறகு ஒரு தையல் தொழிலாளி சங்கத்தில் சேர்ந்தால் வேலை போகுமா, ஒரு நோயாளிக்கு வாங்கக்கூடிய விலையில் மருந்து இருக்குமா, ஒரு கடலோரக் கிராமத்தில் மீன்பிடிப்பு மிஞ்சுமா என்ற கேள்விகள் அந்தப் பேச்சுக்குள் வருவதே இல்லை. அதெல்லாம் மனித உரிமை சமாச்சாரம், அதற்கு ஐ.நா. இருக்கிறது, ஆணையங்கள் இருக்கின்றன என்று தனியாகப் பிரித்து வைத்துவிடுகிறோம்.

இந்தப் பிரிப்பை என்னால் ஏற்க முடியவில்லை. மனித உரிமை உடன்படிக்கையை ஒரு நாடு மீறினால் அறிக்கை வரும், கண்டனம் வரும், சில ஆண்டுகள் கழித்து இன்னொரு அறிக்கை வரும். உலக வர்த்தக அமைப்பின் விதியை மீறினால் வழக்கு வரும், தீர்ப்பு வரும், தீர்ப்புக்குப் பணியாவிட்டால் வென்ற நாட்டுக்கு உங்கள் ஏற்றுமதி மீது பதிலடி வரி போட அனுமதி கிடைக்கும். (2019 டிசம்பரிலிருந்து அதன் மேல்முறையீட்டு அமர்வு போதிய உறுப்பினர் இல்லாமல் முடங்கிக் கிடக்கிறது என்பது உண்மை. ஆனால் அதற்கு முந்தைய கால் நூற்றாண்டில் எந்த விதிகளுக்கு அந்தப் பலம் கொடுக்கப்பட்டது என்பதுதான் இங்கே கேள்வி.) இரண்டில் எதற்கு ஓர் அரசாங்கம் பயப்படும் என்று விளக்க வேண்டியதில்லை. ஆகவே வர்த்தக விதிகளுக்குள் எந்த உரிமை எழுதப்பட்டது, எது வாசலிலேயே நிறுத்தப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். உள்ளே வந்துவிட்டால் மட்டும் போதாது, அந்தப் பலத்தைப் பாதிக்கப்பட்டவர்களே எடுத்துப் பயன்படுத்த முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும். நான் படித்தவரை, நிலைமை உண்மையிலேயே மாறிய இடங்களில் எல்லாம் இந்த இரண்டாவது விஷயம் இருந்தது.

வர்த்தகத்தையும் உரிமையையும் சேர்த்துப் பார்ப்பது ஒன்றும் புதிதல்ல. 1890களின் இறுதியில் எட்மண்ட் மோரல் என்ற இளைஞர் லிவர்பூல் கப்பல் நிறுவனம் ஒன்றில் எழுத்தராக இருந்தார். காங்கோவுக்கும் ஆன்ட்வெர்ப் துறைமுகத்துக்கும் இடையே ஓடிய கப்பல்களின் கணக்கு அவர் கைக்கு வந்தது. காங்கோ அப்போது பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் சொந்தச் சொத்து. அங்கிருந்து ரப்பரும் யானைத் தந்தமும் கப்பல் கப்பலாக வந்திறங்கின. திரும்பிப் போகும் கப்பல்களில் அதற்கு ஈடான விற்பனைச் சரக்கு இல்லை, பெரும்பகுதி துப்பாக்கியும் தோட்டாவும். விலையே கொடுக்காமல் இவ்வளவு ரப்பர் வருகிறதென்றால் அதைச் சேகரிப்பவர்களுக்குக் கூலி கிடையாது, அடித்துத்தான் வாங்குகிறார்கள் என்பதை அவர் காங்கோவுக்குப் போகாமலே கணக்கேட்டிலிருந்து கண்டுகொண்டார். 1904இல் பிரிட்டிஷ் தூதரக அதிகாரி ரோஜர் கேஸ்மென்ட்டின் அறிக்கை கைகள் வெட்டப்பட்டது உள்ளிட்ட கொடுமைகளைச் சாட்சியங்களோடு வெளிக்கொண்டுவந்தது. அதே ஆண்டு காங்கோ சீர்திருத்தச் சங்கம் தொடங்கியது, 1908இல் லியோபோல்ட் காங்கோவைக் கைவிட நேர்ந்தது. அது பெல்ஜிய அரசிடம் போனதே தவிர காங்கோ மக்களிடம் வந்துசேர இன்னும் 52 ஆண்டுகள் ஆயின. எல்லையைக் கடக்கும் எல்லாச் சரக்குக்கும் ஒரு காகிதத் தடம் இருக்கிறது, அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு போனால் அதைச் செய்த கைகளை எட்ட முடியும் என்பதை மோரல் செய்து காட்டினார். இன்றைய விநியோகச் சங்கிலிச் சட்டங்கள் எல்லாமே ஏதோ ஒரு வகையில் அவர் செய்ததைத்தான் செய்ய முயல்கின்றன.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வர்த்தக விதிகளை எழுத உட்கார்ந்தவர்களுக்கும் இது தெரிந்தே இருந்தது. 1948இல் ஹவானாவில் 53 நாடுகள் கையெழுத்திட்ட சாசனம் சர்வதேச வர்த்தக நிறுவனம் ஒன்றை உருவாக்குவதாக இருந்தது. அதன் ஏழாவது பிரிவு, ஏற்றுமதிக்கான உற்பத்தியில் நியாயமற்ற வேலை நிலைமைகள் இருந்தால் அது வர்த்தகத்தையே கெடுக்கிறது, உறுப்பு நாடுகள் அதை ஒழிக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றது. முழு வேலைவாய்ப்பு பற்றியும் அதில் பேச்சு இருந்தது. அமெரிக்க காங்கிரஸ் ஒப்புதல் தராததால் அந்தச் சாசனம் அப்படியே செத்துப்போயிற்று. 1947இல் தற்காலிக ஏற்பாடாகச் செய்த, காட் (GATT) எனப்படும் வரி மற்றும் வர்த்தகப் பொது ஒப்பந்தம் மட்டும் மிஞ்சி, அடுத்த அரை நூற்றாண்டு உலக வர்த்தகத்தை அதுவே நடத்தியது. அதில் தொழிலாளிக்கு இருந்த இடம், இருபதாவது பிரிவில் சிறைக் கைதிகள் செய்த பொருளை ஒரு நாடு தடுக்கலாம் என்ற ஒரே ஒரு வரி.

1995இல் உலக வர்த்தக அமைப்பு பிறந்தபோது இந்தக் குறையைச் சரிசெய்ய இன்னொரு வாய்ப்பு வந்தது. என்ன நடந்தது? அறிவுசார் சொத்துரிமைக்கான டிரிப்ஸ் ஒப்பந்தம் உள்ளே வந்தது. உறுப்பு நாடுகள் மருந்து உட்பட எல்லாத் துறைகளிலும் குறைந்தது 20 ஆண்டுக் காப்புரிமை தர வேண்டும், தராவிட்டால் வழக்கு, தண்டனை. தொழிலாளர் உரிமையோ அடுத்த ஆண்டே, 1996 டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த அமைச்சர்கள் மாநாட்டில், அதெல்லாம் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் வேலை என்று ஒரு பத்தியில் முடித்துவைக்கப்பட்டது. அந்த அமைப்பு 1919இலிருந்து இருக்கிறது, நல்ல உடன்படிக்கைகள் பல செய்திருக்கிறது, நான் அதைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் சொன்ன சொல் கேட்காத நாட்டின் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லும் அதன் 33ஆவது பிரிவை முதல்முறையாகக் கையில் எடுத்ததே 2000ஆம் ஆண்டில், மியான்மரின் கட்டாய உழைப்புக்காகத்தான். எண்பது ஆண்டுகள் ஆயிற்று.

ஒரு நிறுவனத்தின் கண்டுபிடிப்பு எல்லை தாண்டியும் பாதுகாக்கப்பட வேண்டும், அதை வர்த்தக விதியாக்கலாம்; ஒரு தொழிலாளியின் சங்கம் வைக்கும் உரிமையை மட்டும் அப்படி ஆக்க முடியாது. இது இயற்கை விதி ஒன்றுமில்லை, சில மனிதர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து எடுத்த முடிவு. அந்த மேசையில் மருந்து நிறுவனங்களின் பிரதிநிதிகள் எப்படி வேலை செய்தார்கள் என்பதெல்லாம் பதிவாகியிருக்கிறது.

அதன் விலையை முதலில் கொடுத்தவர்கள் ஆப்பிரிக்காவின் எச்ஐவி நோயாளிகள். 1990களின் இறுதியில் மூன்று மருந்துகள் சேர்ந்த கூட்டுச் சிகிச்சை வந்து, பணக்கார நாடுகளில் எய்ட்ஸ் மரணம் சடசடவென்று குறைந்தது. ஒரு ஆளுக்கு ஓராண்டுக்கு ஆன செலவு பத்தாயிரம் டாலருக்கு மேல். தென்னாப்பிரிக்காவில் லட்சக்கணக்கானவர்கள் தொற்றோடு இருந்தார்கள். அந்த விலையில் மருந்து என்பது அவர்களுக்கு மருந்தே இல்லை என்பதற்குச் சமம். 1997இல் மண்டேலா அரசு மலிவான மருந்துகளை இறக்குமதி செய்ய வழிசெய்யும் ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தது. 1998 பிப்ரவரியில் 39 மருந்து நிறுவனங்கள் சேர்ந்து அந்தச் சட்டத்தை எதிர்த்து பிரிட்டோரியாவில் வழக்குப் போட்டன. அமெரிக்க அரசும் தன் பங்குக்கு அழுத்தம் கொடுத்தது. வழக்கு மூன்று ஆண்டுகள் இழுத்தது. அந்த மூன்று ஆண்டுகளில் செத்தவர்களை யாரும் கணக்குக் கேட்கவில்லை.

அதை முறித்தது இரண்டு விஷயங்கள். ஒன்று, இந்தியாவின் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம். அது மருந்துக்குக் காப்புரிமை தரவில்லை, மருந்தைச் செய்யும் முறைக்குத்தான் தந்தது. வேறு முறையில் அதே மருந்தைச் செய்ய இங்குள்ள நிறுவனங்களுக்குத் தடையில்லை. 2001 பிப்ரவரியில் இந்திய மருந்து நிறுவனமான சிப்லா அதே கூட்டு மருந்தை எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்றது. பத்தாயிரத்திலிருந்து 350! மருந்தின் உண்மையான செலவு என்ன என்பது அன்றைக்கு உலகத்துக்கே தெரிந்துபோயிற்று. இரண்டாவது, தென்னாப்பிரிக்காவின் சிகிச்சைக்கான செயல்பாட்டு இயக்கம். நோயாளிகளே நடத்திய அந்த இயக்கம் தெருவில் இறங்கியதோடு நீதிமன்றத்திலும் தன்னை இணைத்துக்கொண்டது. 2001 ஏப்ரலில் நிறுவனங்கள் வழக்கை நிபந்தனையின்றித் திரும்பப் பெற்றன. அதே ஆண்டு நவம்பரில் உலக வர்த்தக அமைப்பின் தோஹா மாநாடு, பொதுச் சுகாதாரத்தைக் காக்க ஒரு நாடு எடுக்கும் நடவடிக்கையை டிரிப்ஸ் தடுக்காது, தடுக்கவும் கூடாது என்று அறிவித்தது.

இந்த அறிவிப்பை நான் மிகவும் மதிக்கிறேன். வர்த்தக அமைப்பு ஒன்று உயிரைச் சொத்துக்கு மேலே வைத்து எழுதிய அபூர்வமான வரிகள் அவை. ஆனால் அதோடு கதை முடிந்துவிடவில்லை. மருந்து செய்யும் வசதியே இல்லாத நாடுகள் என்ன செய்வது என்பதற்கு 2003இல் ஒரு தனி வழிமுறை செய்தார்கள். அறிவிப்பு, அதற்கொரு பதில் அறிவிப்பு, அளவுக் கட்டுப்பாடு, மாத்திரைக்குத் தனி நிறம், தனி அடையாளம் என்று அத்தனை முடிச்சு. கனடாவிலிருந்து ருவாண்டாவுக்கு எச்ஐவி மருந்து அனுப்ப ஒரே ஒரு முறை அது பயன்பட்டது, அதுவும் 2008இல்தான் சரக்கு போய்ச் சேர்ந்தது. 2005இல் இந்தியாவும் டிரிப்ஸுக்கு இணங்கத் தன் சட்டத்தை மாற்றி மருந்துக்கே காப்புரிமை தர வேண்டியதாயிற்று. அப்புறம் கோவிட் வந்தது. இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் 2020 அக்டோபரில் தடுப்பூசி, மருந்து, கருவிகள் எல்லாவற்றுக்கும் தற்காலிகமாகக் காப்புரிமை விதிகளை நிறுத்திவைக்கக் கேட்டன. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் ஆதரித்தன. முடிவு வந்தது 2022 ஜூனில், தடுப்பூசிக்கு மட்டும், அதுவும் வெட்டிக் குறைத்த வடிவில். கூட்டத்துக்கு மேல் கூட்டமாக இருபது மாதங்கள் போன பிறகு வந்த அந்த அனுமதியால் யாருக்கு என்ன பயன்?

சரி, அப்படியானால் தொழிலாளர் உரிமையையும் வர்த்தக விதிக்குள் கொண்டுவந்து தண்டனை வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்டால், அங்கேதான் எனக்கும் தயக்கம் வருகிறது. 1996இல் சிங்கப்பூரில் அதை எதிர்த்தவை பெரும்பாலும் ஏழை நாடுகள், அதில் இந்தியா முன்வரிசையில் நின்றது. மனித உரிமை என்ற பெயரில் எங்கள் பொருளைத் தடுக்கப் பார்க்கிறீர்கள், குறைந்த கூலி என்ற எங்களுடைய ஒரே பலத்தைப் பறிக்கப் பார்க்கிறீர்கள் என்பது அவர்கள் வாதம். அதில் சுயநலம் கலந்திருந்தது. தங்கள் நாட்டுத் தொழிலாளியை ஒடுக்கும் அரசுகள்கூட அதே வாதத்தைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டன. ஆனாலும் அதில் உண்மையும் இருந்தது, பங்களாதேஷில் நடந்ததைப் பார்த்தால் புரியும்.

1992இல் அமெரிக்க செனட்டர் டாம் ஹார்க்கின் குழந்தைத் தொழிலாளர் செய்த பொருளின் இறக்குமதியைத் தடுக்கும் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அவருடைய எண்ணத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. மசோதா நிறைவேறவே இல்லை. ஆனால் நிறைவேறிவிடும் என்ற பயமே போதுமானதாக இருந்தது. ஆர்டர் போய்விடும் என்று பயந்த டாக்கா ஆடைத் தொழிற்சாலைகள் பல்லாயிரக்கணக்கான குழந்தைகளை ஒரே மூச்சில் வெளியே அனுப்பின, பெரும்பாலும் சிறுமிகள். யூனிசெஃப் பிறகு தேடிப் பார்த்தபோது, அவர்களில் பலர் கல்லுடைப்பது, தெருவில் விற்பது, பாலியல் தொழில் என்று தையல் வேலையைவிட மோசமான இடங்களில் இருந்தார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை; போக வழி இல்லை. 1995இல் யூனிசெஃப், சர்வதேச தொழிலாளர் அமைப்பு, ஆடை உற்பத்தியாளர் சங்கம் மூன்றும் ஒப்பந்தம் போட்டு, பள்ளியில் இடமும் குடும்பத்துக்கு மாத உதவித்தொகையும் ஏற்பாடு செய்த பிறகுதான் அதில் ஓரளவு சீர் வந்தது. தடை என்பது ஓர் அழுத்தம், அவ்வளவுதான். அது யார் மேல் போய் இறங்கும் என்று யோசிக்காமல் போட்டால், இருப்பவர்களிலேயே மிகவும் பலவீனமானவர் மேல்தான் இறங்கும்.

அதே பங்களாதேஷில் 2013 ஏப்ரல் 24. டாக்காவுக்கு அருகே சாவரில் ராணா பிளாசா கட்டிடம் இடிந்து 1,134 பேர் செத்தார்கள். முந்தின நாளே சுவரில் பெரிய விரிசல்கள் தெரிந்தன. கீழ்த்தளத்தில் இருந்த வங்கியும் கடைகளும் மூடிவிட்டன. மேலே இருந்த ஐந்து ஆடைத் தொழிற்சாலைகளின் தொழிலாளர்களை மட்டும் வேலைக்கு வரச் சொன்னார்கள். வராவிட்டால் சம்பளம் பிடிப்போம் என்ற மிரட்டலும் இருந்தது. அந்தக் கட்டிடத்தில் இருந்த சில தொழிற்சாலைகள் வெளிநாட்டு பிராண்டுகளுக்கான சமூகத் தணிக்கையில் ஏற்கெனவே தேறியவை. தணிக்கையாளர் வந்தார், பட்டியலில் டிக் அடித்தார், போனார். கட்டிடம் நிற்குமா என்பது அவர் பட்டியலில் இல்லை. அங்கே ஒரு தொழிற்சங்கம் இருந்திருந்தால் அன்று காலை உள்ளே போக மாட்டோம் என்று சொல்லியிருக்க முடியும். அந்தத் தொழிற்சாலைகள் எதிலும் சங்கம் கிடையாது. சங்கம் வைக்கும் உரிமை என்பது கூலிப் பேச்சுக்கான கருவி மட்டும் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு காலையைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அமெரிக்கா அந்த ஜூனில் பங்களாதேஷுக்கான ஜிஎஸ்பி வரிச்சலுகையை (வளரும் நாடுகளின் பொருளுக்கு இறக்குமதி வரியைக் குறைக்கும் ஏற்பாடு) நிறுத்தியது. பெரிய நடவடிக்கைபோலச் செய்தியில் வந்தாலும், அந்தச் சலுகைக்குள் ஆயத்த ஆடை அநேகமாக வரவே இல்லை, ஆகவே ஆடை முதலாளிகளுக்குப் பெரிய அடி ஒன்றும் இல்லை. மாற்றத்தைக் கொண்டுவந்தது வேறொன்று. இரண்டு உலகளாவிய தொழிற்சங்கக் கூட்டமைப்புகளும் இருநூறுக்கும் மேற்பட்ட பிராண்டுகளும் கையெழுத்திட்ட தீ மற்றும் கட்டிடப் பாதுகாப்பு உடன்பாடு, அக்கார்டு என்று சொல்கிறார்கள். இதற்கு முன்பு இருந்த நடத்தை விதிமுறைகள் எல்லாம் பிராண்டுகள் தாமாக முன்வந்து கொடுத்த வாக்குறுதி. இது சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். யாரையும் சாராத பொறியாளர்கள் 1,600 தொழிற்சாலைகள் அளவில் போய்ப் பார்த்தார்கள், அறிக்கைகளைப் பொதுவில் வைத்தார்கள், திருத்தாத தொழிற்சாலையோடு எந்த பிராண்டும் வியாபாரம் செய்யக் கூடாது. சொன்னபடி நடக்காத பிராண்டுகள் மீது சங்கங்கள் ஹேக் நகரில் நடுவர் மன்றத்துக்குப் போயின, 2018இல் அதில் ஒரு பிராண்டு 23 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. ஒரு தொழிற்சங்கம் ஒரு பன்னாட்டு நிறுவனத்தைச் சர்வதேச நடுவர் மன்றத்தில் நிறுத்துவது எவ்வளவு பெரிய விஷயம் என்று நினைத்துப் பாருங்கள். முதலீட்டாளர்கள் அரசாங்கங்களை இப்படி நிறுத்துவது வழக்கமாகிவிட்டது. சிகரெட் பெட்டியில் எச்சரிக்கைப் படத்தைப் பெரிதாக்கியதற்காக ஃபிலிப் மோரிஸ் 2010இல் உருகுவேயை இழுத்தது, ஆறு ஆண்டுகள் கழித்து உருகுவே வென்றது. தொழிலாளி பக்கத்திலிருந்து அந்தக் கதவு திறந்ததை நான் அறிந்தவரை முதல்முறை பார்த்தது இங்கேதான்.

இதே வகையில் திண்டுக்கல் ஒப்பந்தம் என்று உலக அளவில் பேசப்படும் ஒன்றும் இருக்கிறது. 2021 ஜனவரியில் அங்கே ஓர் ஆடைத் தொழிற்சாலையின் இளம் பெண் தொழிலாளி கொல்லப்பட்டார், அவருடைய மேற்பார்வையாளர் கைதானார். வேலைத்தளத்தில் பாலியல் தொல்லை நெடுநாளாக இருந்தது என்று மற்றப் பெண்கள் வெளியே வந்து சொன்னார்கள். தலித் பெண்கள் தலைமை தாங்கும் ஒரு தொழிற்சங்கம் ஓராண்டுக்கு மேல் போராடி, 2022 ஏப்ரலில் உற்பத்தி நிறுவனத்தோடும் எச் அண்ட் எம் என்ற ஆடை பிராண்டோடும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் போட்டது. வேலைத்தளக் கண்காணிப்பாளர்களாகப் பெண் தொழிலாளர்களே பயிற்சி பெற்றார்கள், புகார் சொன்னவரைப் பழிவாங்கத் தடை, சாதியின் பெயரால் நடக்கும் வன்முறையும் ஒப்பந்தத்துக்குள் வந்தது. அமெரிக்கச் சுங்கத்துறை 2022 ஜூலையில் அந்தத் தொழிற்சாலைப் பொருளை உள்ளே விடத் தடை போட்டது, ஒப்பந்தத்தின்படி நடந்திருக்கும் மாற்றங்களைப் பார்த்துவிட்டு செப்டம்பரிலேயே தடையை நீக்கியது. தடை வந்தது, ஆனால் இரண்டு மாதத்துக்குள் விலகியது. சங்கம் ஏற்கெனவே உள்ளே இருந்ததுதான் காரணம் என்பது என் எண்ணம்.

மெக்சிகோவில் இன்னும் நேரடியாக நடந்தது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அமெரிக்கா, மெக்சிகோ, கனடா ஒப்பந்தத்தில் விரைவு நடவடிக்கை என்று ஒரு பிரிவு. ஒரு நாட்டைக் குற்றம் சொல்லாமல் ஒரு தனித் தொழிற்சாலையைக் குறிவைத்து, அங்கே சங்க உரிமை மறுக்கப்பட்டால் அந்தத் தொழிற்சாலைப் பொருளின் வரிச்சலுகையை நிறுத்தலாம். முதல் வழக்கு சிலாவோவில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை. 2021 ஏப்ரலில் பழைய சங்கம் போட்ட சம்பள ஒப்பந்தம் வேண்டுமா என்று தொழிலாளர்களிடம் வாக்கெடுப்பு நடந்தது, நடக்கும்போதே சில வாக்குச்சீட்டுகளை அழித்துவிட்டார்கள். மே மாதம் அமெரிக்கா விசாரணை கேட்டது. ஆகஸ்டில் கண்காணிப்பாளர்கள் முன்னிலையில் மறுபடி வாக்கெடுப்பு வைத்தபோது பழைய ஒப்பந்தத்தைத் தொழிலாளர்கள் தூக்கியெறிந்தார்கள், 2022 பிப்ரவரியில் புதிய சுதந்திரச் சங்கத்தைப் பெரும்பான்மையோடு தேர்ந்தெடுத்தார்கள், மே மாதம் 8.5 சதவீத ஊதிய உயர்வு வாங்கினார்கள். புகாரிலிருந்து கூலி உயர்வு வரை ஓராண்டு! தொழிலாளர் உரிமை வர்த்தக விதிக்குள் வர முடியாது என்று 1996இல் சொன்னவர்களுக்கு இதைக் காட்டலாம். ஒரே குறை, அந்தப் பிரிவு மெக்சிகோ ஆலைகள் மீது பாயும் அளவுக்கு அமெரிக்க ஆலைகள் மீது பாயாதபடி எழுதப்பட்டிருக்கிறது. சமமில்லாத விதி இது, சொல்லித்தான் ஆக வேண்டும்.

சங்கத்துக்கே வழியில்லாத இடங்களில் என்ன செய்வது என்பது இன்னும் கடினம். சீனாவின் சின்ஜியாங்கில் உய்குர் முஸ்லிம் மக்களின் கட்டாய உழைப்புக்கு எதிராக அமெரிக்கா போட்ட சட்டம் 2022 ஜூனில் அமலுக்கு வந்தது. அந்தப் பகுதியிலிருந்து வரும் எந்தப் பொருளும் கட்டாய உழைப்பால் ஆனது என்றே எடுத்துக்கொள்ளப்படும், இல்லை என்று இறக்குமதியாளர்தான் நிரூபிக்க வேண்டும். உலகப் பருத்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அங்கே விளைகிறது என்பதால் இது சின்ன விஷயமில்லை. உள்ளே போய் யாரும் சுதந்திரமாக விசாரிக்க முடியாத இடத்தில், தணிக்கை நிறுவனங்களே எங்களால் முடியாது என்று விலகிய இடத்தில், நிரூபிக்கும் பொறுப்பைத் தலைகீழாக மாற்றியது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அமெரிக்கத் துறைமுகத்தில் திருப்பி அனுப்பப்பட்ட கன்டெய்னர் வேறு நாட்டுத் துறைமுகத்துக்குப் போகத் தடையில்லை. உள்ளே அடைபட்டிருக்கும் மனிதருக்கு இதனால் என்ன மாறியது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

மனித உரிமை உடன்படிக்கைகளை நிறைவேற்றும் நாடுகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தரும் கூடுதல் வரிச்சலுகை ஜிஎஸ்பி பிளஸ்; இலங்கையில் அதன் கதையையும் பார்க்க வேண்டும். சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கை உள்ளிட்ட மூன்று ஐ.நா. உடன்படிக்கைகளை நிறைவேற்றவில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஆகஸ்டில் அந்தச் சலுகையை நிறுத்தியது. கொழும்பு அரசு இறையாண்மை என்று சொல்லிவிட்டுத் தன் வழியில் போயிற்று. நெருக்கடியைத் தாங்கியவர்கள் சுதந்திர வர்த்தக வலயங்களில் தைத்துக்கொண்டிருந்த பெண்கள். 2017 மேயில் சலுகை திரும்பக் கிடைத்தது, 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை மாற்றுகிறோம் என்ற வாக்குறுதியும் அதோடு சேர்ந்தது. 2022இல் வந்தது சில திருத்தங்கள் மட்டும். அந்தச் சட்டத்தால் ஆண்டுக்கணக்கில் விசாரணையின்றிச் சிறையில் கிடந்தவர்களின் தாய்மார்களுக்கு அந்தப் பேச்சுவார்த்தையில் ஒரு நாற்காலிகூட இருந்ததில்லை. இரண்டு அதிகார வர்க்கங்கள் தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்ட விவகாரம் அது, அதனால்தான் சலுகை போனபோதும் வந்தபோதும் அந்தத் தாய்மார்கள் வாழ்க்கையில் பெரிதாக எதுவும் நகரவில்லை.

வர்த்தக அமைப்புகளைப் பேசும்போது கடன் கொடுக்கும் அமைப்புகளை விட்டுவிடக் கூடாது. உலக வங்கிக் குழுமத்தில் தனியார் நிறுவனங்களுக்குக் கடன் கொடுக்கும் பிரிவான ஐஎஃப்சி 2008இல் குஜராத்தின் முந்த்ராவில் அனல்மின் நிலையம் ஒன்றுக்கு 45 கோடி டாலர் கடன் கொடுத்தது. கடலில் விடப்படும் சூடான நீரால் மீன் போயிற்று, நிலத்தடி நீர் உப்பாயிற்று என்று மீனவர்கள் முறையிட்டார்கள். ஐஎஃப்சியின் சொந்தக் குறைதீர் அலுவலகமே தவறுகளைச் சுட்டிக்காட்டி 2013இல் அறிக்கை கொடுத்தது, நிர்வாகம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மீனவர்கள் அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனார்கள். சர்வதேச நிறுவனம், எங்கள் மீது வழக்கே போட முடியாது என்றது ஐஎஃப்சி. 2019 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7க்கு 1 என்ற கணக்கில், அப்படி முழு விலக்கு கிடையாது என்று தீர்ப்பளித்தது. வழக்கு கீழ் நீதிமன்றத்துக்குத் திரும்பியது. அங்கே, பிரச்சினைக்கு அடிப்படையான செயல்கள் அமெரிக்காவில் நடக்கவில்லை என்று தள்ளுபடியாயிற்று, 2022இல் உச்ச நீதிமன்றமும் மறுபடி கேட்க மறுத்துவிட்டது. ஒரு பெரிய கோட்பாட்டை உடைத்த அந்த மீனவர்களுக்கு இழப்பீடாக ஒன்றும் கிடைக்கவில்லை. மற்ற நாடுகளில் இதேபோல் பாதிக்கப்படுபவர்கள் இனி அந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டலாம் என்பது உண்மைதான், ஆனால் முந்த்ராவில் அதைச் சொல்லி யாரை ஆறுதல்படுத்த முடியும்?

அடுத்து நான் கவனித்துக்கொண்டிருப்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய சட்டம். கட்டாய உழைப்பில் செய்த பொருளை ஐரோப்பியச் சந்தையில் விற்கவும் அங்கிருந்து ஏற்றுமதி செய்யவும் தடை. 2024 நவம்பரில் ஏற்கப்பட்டது, 2027 டிசம்பரில் நடைமுறைக்கு வருகிறது. தகவல் தெரிந்த யார் வேண்டுமானாலும், எந்த நாட்டிலிருந்தும், புகார் அனுப்பலாம் என்பது அதில் எனக்குப் பிடித்த அம்சம். பிடிக்காதது, தடை நீங்க வேண்டுமானால் பாதிக்கப்பட்ட தொழிலாளிக்கு நிவாரணம் கொடுத்தாக வேண்டும் என்று உறுதியாக அது சொல்லவில்லை. மலேசியாவில் டாப் குளோவ் என்ற கையுறை நிறுவனத்தின் பொருளுக்கு அமெரிக்கா 2020 ஜூலையில் தடை போட்டபோது, பங்களாதேஷ், நேபாளத் தொழிலாளர்கள் வேலைக்கு வர முகவர்களுக்குக் கொட்டிக்கொடுத்த கடன் பணத்தை அந்த நிறுவனம் திருப்பிக் கொடுத்தது, மொத்தம் 3 கோடி டாலருக்கும் மேல். அதன் பிறகுதான் 2021 செப்டம்பரில் தடை விலகியது. அங்கே சுங்கத்துறை அதிகாரிகள் நிவாரணத்தைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தார்கள். ஐரோப்பாவில் இருபத்தேழு நாட்டு அதிகாரிகள் அப்படிக் கேட்பார்களா என்பது அந்தந்த நாடு எவ்வளவு ஆட்களையும் பணத்தையும் இதற்கு ஒதுக்கும் என்பதைப் பொறுத்தது. புகார் கொடுக்கப்போகும் சங்கங்கள் முதல் வழக்கிலிருந்தே நிவாரணத் தொகையையும் சேர்த்துக் கேட்க வேண்டும். முதல் சில வழக்குகள் எப்படி முடிகின்றனவோ அப்படித்தான் பிறகு வரும் வழக்குகளும் போகும்.